அறுபத்தொரு விழுக்காடு தம்புசாமி

அக்டோபர் 2, வியாழன். நேற்று ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். ஆயுதபூஜைக்குக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தபோது குங்குமம் கேமராவின் மேல் பட்டுவிட்டது. உடனே துடைத்தேன். முழுக்கத் துடைத்தேனா என்று தெரியவில்லை. இன்று காலை அப்பாவின் லோரி திறக்கவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் தவறு என்னுடையது.

குமுதாவின் நாட்குறிப்பில் இப்படிப்பட்ட பக்கங்கள் நிறைய உண்டு. பகலில் போர்ட் கிள்ளானில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலை. செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸில் கம்ப்யூட்டர் டிப்ளோமா வகுப்பு. அங்கே பாடம் எடுக்கும் உஷாராணி மிஸ் முதல் நாளே சொல்லிவிட்டார்: எது பழுதானாலும் மூன்று விஷயம் எழுத வேண்டும். நான் என்ன செய்தேன், என்ன ஆனது, நாளைக்கு என்ன செய்யப் போகிறேன். மற்ற மாணவர்கள் இதைக் கம்ப்யூட்டரோடு நிறுத்திக்கொண்டார்கள். குமுதா சாம்பாரில் உப்புக் கூடிய அன்றும் எழுதினாள்.

அப்பாவின் லோரி என்று அவள் குறிப்பிட்டது ஒரு கேம். நார்த்சவுத் ஹாலர் என்று பெயர். திரையில் நெடுஞ்சாலை ஓடும். மேசையில் பொருத்திய ஸ்டியரிங்கைப் பிடித்துக் கொண்டெய்னர் லோரி ஓட்ட வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வாங்கித் தந்தாள். வாங்கிய இடம் லாக்வெல் என்ற இணையக் கடை. அந்தக் கடையில் காசு கொடுத்து வாங்கிய கேமை அவர்கள் திறந்துவிட்டால் விளையாடலாம், மூடிவிட்டால் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. அவர்களுடைய விளம்பர வாசகம் இதை ஒளிக்கவும் இல்லை: "உங்களுடையது. எங்களிடம்."

வாங்கிய அன்று உரிமையாளரின் புகைப்படம் கேட்டார்கள். அப்பா தம்புசாமி அப்போதுதான் வேலை முடிந்து வந்து, வேர்த்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார். குமுதா போனைத் தூக்கிப் பிடித்தாள். அடுப்படியிலிருந்து அம்மா தங்கமணி எட்டிப் பார்த்தாள்.

"பதினாலு மணி நேரம் லோரி ஓட்டிட்டு வந்து வீட்டுலயும் லோரியா? அப்படின்னா என்னையும் ஏத்திக்கிட்டுப் போங்க. அப்பவாச்சும் உங்க மூஞ்சியப் பார்க்கிறேன்."

தம்புசாமி வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் லாக்வெல்லில் பதிவானது.

இரண்டு வருடம் கழித்து ஒரு காலையில், பண்டமாரான் வீட்டுக் குளியலறையில் அவர் விழுந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், முகத்தின் வலது பக்கம் எல்லாம் போயிற்று. கால் பாதி திரும்பி வந்தது. முகம் வரவில்லை. முப்பத்தொரு வருடம் துறைமுகத்திலிருந்து கொண்டெய்னர் இழுத்த மனிதர், லைசென்ஸை எடுத்து மகளிடம் கொடுத்து, "பத்திரமா வை," என்றார். அப்புறம் பல வாரம் பேசவில்லை. விரல்களுக்குப் பயிற்சி வேண்டுமென்று ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். அவர் அதை இடது கையால் எடுத்து அலமாரிக்கு அடியில் உருட்டிவிட்டார். "நான் என்ன நாய்க்குட்டியா?"

கடைசியில் அந்தக் கேம்தான் விரல்களை எழுப்பியது. குமுதாவின் வகுப்புத் தோழன் அம்மார் செராஸில் யாரிடமோ பழைய ஸ்டியரிங் ஒன்றைப் பேசி வாங்கி வந்தான். முதல் மாதம் வலது கை அதன் மேல் சும்மா கிடந்தது. மூன்றாவது மாதம் பிடித்தது. ஆறாவது மாதம் வளைத்தது. கேமுக்குள் அவர் மஞ்சள் நிறத்தில் ஒரு லோரி வைத்திருந்தார். அதன் நெற்றியில், நிஜ லோரியில் எழுதியிருந்தது போலவே, தங்கமணி என்று எழுதச் சொல்லியிருந்தார். தினமும் காலை பத்து மணிக்கு வண்டியை எடுப்பார். திரையில் தாப்பா ஓய்விடம் வந்ததும் ஓரம் கட்டி, "தங்கம், தே ஓ!" என்று குரல் கொடுப்பார். தங்கமணி முணுமுணுத்துக்கொண்டே பாலில்லாத தேநீரைக் கொண்டுவருவாள். இரண்டு வருடத்தில் நாற்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர். ஒரு லோட்கூடத் தாமதமாகச் சேர்த்ததில்லை.

ஆயுதபூஜைக்கு முதல் நாளும் அப்படித்தான் தாப்பாவில் நிறுத்தினார். பட்டர்வொர்த்துக்குப் போக வேண்டிய உறைந்த கோழி லோட். மறுநாள் ஆயுதங்களுக்கு ஓய்வு, லோரிக்குப் பொட்டு.

"எங்க வைக்கிறதுப்பா?" என்று குமுதா சந்தனக் கிண்ணத்தோடு கேட்டாள்.

"லோரிக்கு எங்க வைப்போம்? நெத்தியிலதான்."

திரைக்கு நெற்றி எது என்று தேட வேண்டிய அவசியம் இல்லை. மேல் விளிம்பில், நட்ட நடுவில். சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தாள். அந்த இடத்தில்தான் கேமரா இருந்தது. லாக்வெல் போன வருடம் முதல் அந்தக் கேமரா வழியாகத்தான் வாடிக்கையாளர்களைப் பார்த்துவந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் அன்புக் கண். ஏதாவது ஒரு மனித முகம் எதிரே இருந்தால் கண் பேசாமல் இருக்கும். மறைத்தால்தான் கோபித்துக்கொள்ளும்.

மறுநாள் காலை திரையில் இப்படி வந்தது: "எங்கள் கண் ஒரு சிவப்புப் பொருளால் மறைக்கப்பட்டது. உங்கள் பாதுகாப்புக்காக உங்களை வெளியேற்றியிருக்கிறோம். உரிமையாளர் தன் முகத்தைக் காட்டி நிரூபிக்கவும்."

குமுதா அப்பாவை நேராக உட்கார வைத்தாள். கண் பார்த்தது. "பொருந்தவில்லை. பதிவில் உள்ளபடி சிரிக்கவும்."

தம்புசாமி சிரித்தார். இடது பக்கம் மேலே போனது. வலது பக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"இரண்டு பக்கமும் சிரிக்கவும்."

குமுதா சட்டென்று கையால் திரையை மறைத்தாள்.

"என்னம்மா போட்டிருக்கான்?"

"நெட் ஸ்லோவா இருக்காம்ப்பா."

"லோட் நிக்குதேம்மா. கோழி. எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

அன்று அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் லாக்வெல்லின் உதவிப் பிரிவோடு எழுத்தில் பேசினாள். எதிர்முனையில் மெஹ்ரின் என்ற பெண். "உங்கள் விசுவாசம் எங்களுக்கு விலைமதிப்பில்லாதது," என்று தொடங்கினாள். குமுதா நடந்ததை எண் போட்டு எழுதினாள். ஒன்று, பூஜை. இரண்டு, குங்குமம். மூன்று, பக்கவாதம்.

"வருந்துகிறேன்," என்று மெஹ்ரின் எழுதினாள். "முகமாற்றத்துக்கு நாங்கள் ஏற்கும் காரணங்கள்: தாடி, மூக்குக்கண்ணாடி, உடல் எடை, திருமணம். பக்கவாதம் பட்டியலில் இல்லை. இவற்றில் ஏதாவது அப்பாவுக்கு நேர்ந்திருக்கிறதா?"

"இல்லை."

"நேர வாய்ப்பு உண்டா?"

குமுதா கொஞ்ச நேரம் யோசித்தாள். தாடி வளர்க்கலாம். ஆனால் அது பொய்க் காரணமாகிவிடுமே என்று தோன்றியதால், "இல்லை," என்றே எழுதினாள். மெஹ்ரின் இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டாள். குமுதா ஐந்து கொடுத்தாள். அந்தப் பெண் மேல் தப்பில்லையே.

அன்று சாயங்காலம் உஷாராணி மிஸ் கட்டுரை ஒன்று கொடுத்தார். கணினி விளையாட்டுகளுக்கு நிறுவனங்கள் போடும் டிஜிட்டல் பூட்டு, அதன் நன்மைகள், தீமைகள். "ரெண்டு பத்தி போடுங்க. ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும். இல்லாட்டி மார்க் கிடையாது," என்றார். குமுதா கோடு கிழித்தாள். கோடு நடுவில் விழுந்ததா என்று ஸ்கேல் வைத்து அளந்தாள்.

பக்கத்தில் அம்மார். கிள்ளானில் அவனுடைய வாப்பா ஜெய்னுதீன் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். இவன் ரொட்டி சானாய்க்கு மாவு வீசுவதை வைத்தே ஒரு கேம் செய்து லாக்வெல்லில் விற்பனைக்கு விட்டிருந்தான்.

"பூட்டு கெட்டதுன்னு எழுதிடாத லா," என்றான். "பூட்டில்லாம விட்டா என்ன ஆகும்னு என்னைக் கேளு. ரெண்டு வருஷம் உக்கார்ந்து செஞ்சேன். பூட்டுப் போட காசு ஆகும்னு போடாம விட்டேன். மூணாவது நாளு திருட்டு சைட்ல ஏத்திட்டான். அங்க நாலாயிரம் பேரு இறக்கினான். காசு கொடுத்து வாங்கினது பதினேழு பேரு. அதுல ஆறு பேரு எங்க வாப்பா கடையில வேலை செய்றவங்க."

"மிச்சம் பதினோரு பேரு?"

"பத்து பேரு யாருன்னே தெரியாது. ஒண்ணு நீ."

குமுதா அதை நன்மைப் பத்தியில் எழுதினாள். அது உண்மை. பிறகு தீமைப் பத்தியில் பேனாவை வைத்து, அப்பா என்று எழுதி, கட்டுரைக்கு அது பொருந்தாது என்று அடித்தாள்.

"எங்க அப்பாவோட லோரி நின்னுபோச்சு," என்றாள் அம்மாரிடம். சொல்லி முடித்தபோது அவன் தன் நோட்டை மூடியிருந்தான்.

"அவங்க ஆபீஸ் இங்கதான் இருக்கு. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல டவர். நேருல கூட்டிட்டுப் போவோம். மனுஷன் முகத்தைப் பார்த்தா மனுஷனுக்குத் தெரியாதா?"

அடுத்த வியாழன் குமுதா லீவு போட்டாள். அம்மாரின் காரில் அப்பா, அம்மாவோடு நான்கு பேரும் கிளம்பினார்கள். தம்புசாமி தீபாவளிக்கென்று எடுத்து வைத்திருந்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டார். அடையாள அட்டை, ஆஸ்பத்திரிக் கடிதம், பழைய லைசென்ஸ், கேம் வாங்கிய ரசீது எல்லாவற்றையும் குமுதா வரிசைப்படுத்தி ஃபைலில் வைத்திருந்தாள். ரசீதை மட்டும் இரண்டு நகல்.

இருபத்து மூன்றாவது மாடி வரவேற்பறையில் ஒரு திரை. வருபவர் இயந்திரம் அல்ல என்று முதலில் அது தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்பது சிறு படங்களைக் காட்டி, லோரி உள்ள படங்களைத் தொடச் சொன்னது.

தம்புசாமியின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. ஊன்றுகோலை மகளிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இது லோரி. இது வேன். இது... இது வெறும் தலைதான், பின்னால ட்ரெய்லர் மாட்டல. இத லோரின்னு சொல்ல முடியாது. இது மண்ணு அள்ளுற மெஷின்."

இரண்டு படங்களை மட்டும் தொட்டார். தவறு என்றது திரை. மறுபடியும் பார்த்தார். மறுபடியும் அதே இரண்டு.

வரவேற்பில் இருந்த பெண் கனிவாக, "அங்கிள், சக்கரம் பெருசா இருந்தா எல்லாத்தையும் தொட்டுடுங்க. எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க," என்றாள்.

"தப்புன்னு தெரிஞ்சும் தொடணுமாம்மா?"

"ஆமா அங்கிள். அப்பதான் மனுஷன்னு ஒத்துக்கும்."

அவர் திரும்பிக் குமுதாவைப் பார்த்தார். குமுதா அவருடைய விரலைப் பிடித்து ஐந்து படங்களைத் தொட வைத்தாள். கதவு திறந்தது.

உள்ளே அவர்களை வரவேற்றவர் ராஜன். நம்பிக்கைத் துறையின் வட்டார இயக்குநர். நெற்றியில் பளிச்சென்று திருநீறு, கழுத்தில் அலுவலக அட்டை. "வாங்க அங்கிள், வாங்க ஆன்ட்டி," என்று நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். கேட்டதும் தே ஓ வந்தது. மனிதரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குமுதா ஃபைலைத் திறந்து முதலில் அடையாள அட்டையை வைத்தாள்.

"இது அரசாங்கம் கொடுத்தது," என்றார் ராஜன், மரியாதையோடு திருப்பித் தந்து. "அரசாங்கம் கேம் விக்கிறதில்லையே."

ஆஸ்பத்திரிக் கடிதம். "இதுல இவருக்கு ஸ்ட்ரோக்குன்னு போட்டிருக்கு. இவர்தான் அவருன்னு போடல."

ரசீது. "இது ரொம்ப முக்கியம். பத்திரமா வெச்சுக்குங்க. காசு கொடுத்தீங்கன்னு காட்டும். கேம் உங்களுதுன்னு காட்டாது."

"குங்குமம் நான்தான் சார் வெச்சேன்," என்றாள் குமுதா. "ஆயுதபூஜைக்கு."

"அட, நல்ல விஷயம்மா! எங்க சர்வர் ரூமுக்கே பொட்டு வெச்சோம். ஐயரைக் கூப்பிட்டு எலுமிச்சம்பழம்கூட வெட்டினோம்."

"அப்ப உங்களுக்குப் புரியுது."

"எனக்குப் புரியுது. கண்ணுக்குப் புரியல."

அம்மாருக்குப் பொறுக்கவில்லை. "பாஸ், நான் உங்க கடையில கேம் விக்கிறவன். பூட்டு வேணும்னு சொல்றவன். ஆனா இந்தப் பூட்டு யாரைத் தடுக்குது?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல ராஜன் எழுந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "நல்லா கேட்டீங்க தம்பி. நூத்துல ரெண்டு பேரு திருடன். அந்த ரெண்டு பேரை நம்மால புடிக்க முடியாது, அவன் நம்ம கடைக்கு வர்றதே இல்ல. மிச்சம் தொண்ணூத்தெட்டு பேரு நம்மகிட்டயே இருக்காங்க. அட்ரஸ் இருக்கு, படம் இருக்கு, கண்ணு இருக்கு. அதனால அவங்களை ரொம்பக் கவனமா பார்த்துக்கிறோம். போன வருஷம் திருட்டு குறையல. ஆனா கவனம் நாப்பது விழுக்காடு கூடியிருக்கு! இதுக்கு எங்களுக்கு விருதுகூடக் கொடுத்தாங்க."

சுவரில் விருது இருந்தது. பூட்டு வடிவத்தில், கண்ணாடியில் செய்தது.

"கடைசி வழி ஒண்ணு இருக்கு," என்று உட்கார்ந்தார். "நேர்முகச் சிரிப்பு. பதிவுப் படம் எடுத்தப்ப எதுக்குச் சிரிச்சீங்களோ அதே காரணத்துக்கு இப்பவும் சிரிக்கணும். காரணம் ஞாபகம் இருக்கா?"

குமுதா அம்மாவைப் பார்த்தாள். தங்கமணி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"நான்தான் ஒண்ணு சொன்னேன்."

"அத அப்படியே சொல்லுங்க ஆன்ட்டி. வார்த்தை மாறாம. இயல்பா."

ஓர் ஊழியர் கேமராவைக் கொண்டுவந்து தம்புசாமியின் முகத்துக்கு நேரே வைத்தார். விளக்கு எரிந்தது. எல்லோரும் தங்கமணியைப் பார்த்தார்கள். அவள் தொண்டையைச் செருமினாள்.

"பதினாலு மணி நேரம் லோரி ஓட்டிட்டு வந்து... வீட்டுலயும் லோரியா?" குரல் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல இருந்தது. அடுத்த வரிக்கு வந்தபோது அது தானாக இறங்கியது. "அப்படின்னா என்னையும் ஏத்திக்கிட்டுப் போங்க."

மீதியை அவள் சொல்லவில்லை.

தம்புசாமி அவளைப் பார்த்துச் சிரித்தார். பாதி முகம் எவ்வளவு சிரிக்க முடியுமோ அவ்வளவும் சிரித்தார். இடது கண்ணில் நீர் வந்தது. வலது கண்ணிலும் வந்தது. அது நோய் வந்த நாளிலிருந்து எந்நேரமும் வந்துகொண்டிருந்தது.

"அறுபத்தொண்ணு!" என்று ராஜன் கைதட்டினார். "பிரமாதம் அங்கிள்! அறுபத்தொரு விழுக்காடு!"

"பாஸா சார்?" என்றாள் குமுதா.

"பாஸ் தொண்ணூறு."

தங்கமணி நிமிர்ந்தாள். "அறுபத்தொண்ணு இவருன்னா, மிச்சம் முப்பத்தொன்பது யாருங்க? முப்பத்தாறு வருஷமா நான் யாருக்குச் சோறு போட்டேன்?"

ராஜன் பதில் சொல்வதற்குள் கணினியே சொல்லிவிட்டது. அவர் அதைத் திரையில் படித்தார். "வந்திருப்பவர் உரிமையாளரை ஓரளவு ஒத்திருக்கிறார், ஆனால் வயதானவர். பெரும்பாலும் அவருடைய அண்ணன். உரிமையாளர் தம்புசாமி தன் கணக்கை அண்ணனோடு பகிர்ந்துகொண்டது விதிமீறல்."

"இவருக்கு அண்ணனே இல்லையே!"

"எங்களுக்கும் அது ஆச்சரியமாத்தான் இருக்கு ஆன்ட்டி," என்றார் ராஜன். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. லிஃப்ட் வரைக்கும் வந்து, தம்புசாமியின் வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். "அங்கிள், தம்புசாமியைப் பார்த்தா நாங்க கேட்டதாச் சொல்லுங்க," என்றார். சொன்ன பிறகு என்ன சொன்னோம் என்று அவருக்கே ஒரு கணம் குழப்பமாக இருந்தது போலிருந்தது. அதற்குள் லிஃப்ட் மூடிக்கொண்டது.

திரும்பும்போது சாலையில் ஒரு கொண்டெய்னர் லோரி பக்கத்திலேயே வந்தது. தம்புசாமி அதைப் பார்க்கவில்லை. பூச்சோங் தாண்டிய பிறகு சொன்னார்:

"அந்த ஆபீஸ் தம்பி சொல்றதும் சரிதான். படத்துல உள்ள ஆளு நான் இல்ல."

குமுதா பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தாள், எழுதாமல் வைத்துவிட்டாள்.

மறுநாள் தன் பெயரிலேயே அந்தக் கேமை இன்னொரு தடவை வாங்கினாள். பழைய கிலோமீட்டர் வராது, மஞ்சள் லோரி வராது. ஸ்டியரிங்காவது சுழலட்டும் என்று நினைத்தாள். அப்பாவை உட்கார வைத்தாள். முதல் நாள் விதிமீறலோடு கண் அவர் முகத்தையும் குறித்து வைத்திருந்தது. கண் பார்த்தது. "இந்த முகம் எங்களுடைய மற்றொரு வாடிக்கையாளரைப் பெரிதும் ஒத்திருக்கிறது. அவருடைய அனுமதி பெற்று வரவும்."

தம்புசாமியாக இருக்க அறுபத்தொன்று போதவில்லை. வேறு யாராகவும் இருக்க அது அதிகமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மார் வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, ஒரு சின்ன பென்டிரைவை நீட்டினான். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டிருந்தான்.

"பூட்டு உடைச்ச காப்பி. கண்ணு கிண்ணு ஒண்ணும் கிடையாது. போட்டா ஓடும்."

"நீயா?" என்றாள் குமுதா.

"என் கேமைத் திருடினவனோட சைட்லதான் இறக்கினேன். பக்கத்துலயே என் கேம் இருக்கு. கீழ நன்றி எழுதியிருக்கானுங்க, முந்நூறு பேரு. ஒருத்தன், 'இதைச் செய்தவர் நீடூழி வாழ்க'ன்னு போட்டிருக்கான். என்னைச் சொல்றானா திருடினவனைச் சொல்றானான்னு தெரியல லா."

அவர்கள் அதை அப்பாவிடம் சொல்லாமலே போட்டார்கள். நெடுஞ்சாலை விரிந்தது. வெள்ளை லோரி ஒன்று நின்றது, நெற்றி காலி. மூலையில் கிலோமீட்டர் பூஜ்யம். தம்புசாமி வந்து உட்கார்ந்தார். வலது கை தானாக ஸ்டியரிங்குக்குப் போனது. சாவி திருப்பும் சத்தம் கேட்டது, எஞ்சின் உறுமியது.

அவர் ஓட்டவில்லை.

"இது யாரு லோரி?"

"உங்களுதுதான்ப்பா."

"என் லோரி தாப்பாவுல நிக்குது. லோடோட நிக்குது." கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அம்மாரு, இத எப்படி வாங்கினே?"

அம்மார் தரையைப் பார்த்தான்.

"முப்பத்தொரு வருஷத்துல ரோட் டேக்ஸ் இல்லாத வண்டிய நான் எடுத்ததில்லப்பா. முதலாளி எடுக்கச் சொன்னப்பகூட எடுக்கல. கோவிச்சுக்காத. நீ எனக்காகத்தான் செஞ்சே, தெரியும்." கொஞ்சம் பொறுத்து, "உன் கேமுல ரொட்டி வீசுறது நல்லா இருக்குன்னு பாப்பா சொன்னா. அத எவனோ எடுத்துக்கிட்டான்னதும் எனக்கே மனசு கேக்கல. இப்ப நானே அதைச் செய்யலாமா?" என்றார்.

அம்மார் பென்டிரைவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். தங்கமணி அவனைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அவன் சாப்பிட்டான். மீன் கறி நன்றாக இருக்கிறது என்று மூன்று தடவை சொன்னான்.

செவ்வாய்க்கிழமை குமுதா கட்டுரையைக் கொடுத்தாள். நன்மைப் பத்தியில் பதினொரு வரி, தீமைப் பத்தியில் பதினொரு வரி. உஷாராணி மிஸ் அங்கேயே படித்துவிட்டு, "நடுநிலையா இருக்கு, குட்," என்று எண்பத்தைந்து மார்க் போட்டார். லாக்வெல்லுக்கு அவள் எழுதிவந்த மேல்முறையீடு அன்றோடு பன்னிரண்டு பக்கம் ஆகியிருந்தது. அதையும் அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. அவள் வேலையிலிருந்து வந்து கை கால் கழுவிய பிறகு திறந்தாள். தம்புசாமி ஹாலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு வாரத்துக்கு மேலாகப் பயிற்சி இல்லாமல் வலது கை மறுபடியும் மடங்கத் தொடங்கியிருந்தது.

"என்ன போட்டிருக்கான்? நெட் ஸ்லோன்னு சொல்லாத. முழுசா படி."

அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அவள் தமிழில் மாற்றிப் படித்தாள்.

"மதிப்புக்குரிய நலம்விரும்பியே. திரு தம்புசாமியின் கணக்கு குறித்து நீங்கள் காட்டும் அக்கறையைப் பாராட்டுகிறோம். பிறர் கைபடாதபடி அதை நிரந்தரமாகப் பூட்டியிருக்கிறோம் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறோம். அவருடைய மஞ்சள் லோரி தாப்பாவில், நிறுத்திய இடத்திலேயே பத்திரமாக இருக்கிறது. சரக்கும் கெடவில்லை, எங்களிடம் எதுவும் கெடுவதில்லை. அவருடைய நாற்பத்தெட்டாயிரம் கிலோமீட்டரில் ஒன்றுகூடக் குறையாது. உண்மையான தம்புசாமி திரும்பி வரும் நாளில் எல்லாவற்றையும் அவரிடமே ஒப்படைப்போம். அதுவரை நாங்கள் அவருக்காகக் காத்திருக்கிறோம்."

தம்புசாமி தலையை ஆட்டினார். கோழி கெடவில்லை என்ற இடத்தில் அவருக்கு ஒரு நிம்மதி வந்தது போலக்கூட இருந்தது. பிறகு இடது கையால் வலது கையை எடுத்து, நாற்காலியின் கைப்பிடி மேல் வைத்தார்.

"நானுந்தான்," என்றார்.

அடுப்படியில் தங்கமணி தே ஓ கலக்கிக்கொண்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை. மணி பத்தும் இல்லை, தாப்பாவும் இல்லை. கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, அவளும் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

அக்டோபர் 17, வெள்ளி. நான் செய்தது: கேமராவின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருந்தது, ஊசியால் எடுத்தேன். ஸ்டியரிங்கைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்தேன். திருகு நான்கும் அதோடு இருக்கின்றன. ஆனது: ஒன்றும் ஆகவில்லை. அலமாரிக்கு அடியில் தேடினேன், பழைய பந்து கிடைக்கவில்லை. நாளை: தீபாவளிச் சாமான் வாங்கக் கிள்ளானுக்குப் போகும்போது அப்பாவின் வலது கைக்கு ஒரு ரப்பர் பந்து வாங்க வேண்டும். மெத்தென்று இருக்க வேண்டும்.